சுரங்கத்துக்குள் காந்த ஊசியை எப்படி நம்பினார்கள்?

கேள்வி இதுதான்: "கப்பலில் திசைகாட்டி இருந்தது புரிகிறது. பூமிக்கடியில் சுரங்கத் தொழிலாளிக்கு அது எதற்கு? போன வழியே திரும்பி வந்தால் போதாதா? அதோடு, சுரங்கம் முழுக்க இரும்பும் தாதுவுமாக இருக்குமே, ஊசி சரியாகக் காட்டுமா?"

முதல் பாதிக்கு நேரான பதில்: வழி கண்டுபிடிக்க அது தேவைப்படவில்லை. தினமும் இறங்குகிறவனுக்குத் தன் சுரங்கம் தன் வீட்டுக் கொல்லை மாதிரி. விளக்கு அணைந்தாலும் சுவரைத் தடவிக்கொண்டே வந்துவிடுவான். திசைகாட்டி தேவைப்பட்டது தெரியாத பாறைக்குள் குடையும்போது. மலையின் இரண்டு பக்கமிருந்தும் இரண்டு குழுக்கள் ஒரு வடிகால் பாதையைக் குடைகின்றன என்றால், நடுவில் இருவரும் சந்திக்க வேண்டும். மேலிருந்து ஒரு செங்குத்துக் கிணறு தோண்டினால் அது கீழே இருக்கும் பாதையின் தலையில் சரியாக இறங்க வேண்டும். பக்கத்துச் சுரங்கக்காரனின் எல்லைக்குள் நம் ஆட்கள் நுழைந்துவிடக் கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியமாக, எப்போதோ கைவிடப்பட்டுத் தண்ணீர் நிரம்பிக் கிடக்கும் பழைய குடைவு எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று தெரிய வேண்டும். இந்த நான்கில் எதையும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அளந்து, கணக்குப் போட்டு, தாளில் வரைந்தால்தான் உண்டு. சூரியனும் நட்சத்திரமும் இல்லாத இடத்தில் அந்த அளவைக்குத் திசை தந்த ஒரே பொருள் காந்த ஊசி.

இந்தக் கலை நன்றாக வேர் பிடித்த இடம் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதி, குறிப்பாக ஃப்ரைபெர்க் சுற்றுவட்டாரம். அங்கே வெள்ளி கிடைத்தது. உல்ரிச் ரூலைன் என்ற மருத்துவர் அந்த ஊரில் இருந்தார். அன்னாபெர்க், மரியன்பெர்க் ஆகிய சுரங்க நகரங்களுக்குத் தெருக்களைத் திட்டமிட்டுக் கொடுத்தவரும் அவரே. 1500 வாக்கில் அவர் எழுதிய சிறு சுரங்கக் கையேட்டில், பாறைக்குள் ஓடும் தாது நரம்பு எந்தத் திசையில் போகிறது என்பதைத் திசைகாட்டியை வைத்துச் சொல்லும் முறை வருகிறது. அங்கே வட்டத்தை 360 டிகிரியாகப் பிரிக்கவில்லை. சூரியக் கடிகாரம் போல மணிகளாகப் பிரித்தார்கள்: வடக்கிலிருந்து தெற்குவரை 12 மணி, மறுபடி தெற்கிலிருந்து வடக்குவரை 12 மணி. ஒரு மணிக்கு 15 டிகிரி. "இந்த நரம்பு மூன்று மணியில் ஓடுகிறது" என்றால் வடகிழக்கு–தென்மேற்காக ஓடுகிறது என்று அர்த்தம். தாது நரம்புக்கு முன் பின் கிடையாது, கோடு மட்டும்தான். அதனால் 12 மணி போதும். தொழிலுக்குப் பொருத்தமான ஏற்பாடு. நரம்புகளையே இந்த மணிக்கணக்கில் நான்கு வகையாகப் பிரித்துப் பெயர் வைத்திருந்தார்கள்.

1556ல் வெளிவந்த, ஜெர்மன் அறிஞர் அகிரிகோலாவின் சுரங்க நூலில் ஒரு கருவி வருகிறது. மர வட்டு, நடுவில் திசைகாட்டி, அதைச் சுற்றி வளையம் வளையமாகப் பள்ளம், ஒவ்வொரு பள்ளத்திலும் வேறு வேறு நிறத்து மெழுகு. பாதையின் முதல் திருப்பம் வரை கயிறு கட்டி, அதன் திசையை முதல் மெழுகு வளையத்தில் கீறுவார்கள். அடுத்த திருப்பம் அடுத்த வளையத்தில். எழுதவோ கூட்டவோ தெரிய வேண்டாம். மேலே வந்து, சமமான ஒரு வயலில் அதே கீறல்களின்படி கயிறுகளை முழு நீளத்துக்கு நீட்டினால், கீழே இருக்கும் சுரங்கம் அப்படியே மண்ணின்மேல் படுத்துக் கிடக்கும். வரைபடம் என்பதே அவர்களுக்கு அப்போது தேவைப்படவில்லை. எனக்கு இது மிகப் பிடித்த ஏற்பாடு, ஏனென்றால் சண்டை போடும் இரு தரப்பும் வயலில் நின்று கயிற்றைப் பார்த்து எல்லையைத் தீர்த்துக்கொள்ளலாம்.

அடுத்த பெரிய முன்னேற்றம் பால்தசார் ரோஸ்லர் என்ற சாக்சனிச் சுரங்க அளவையாளரின் பெயரோடு சேர்ந்தது. அவர் காலம் 1605 முதல் 1673 வரை. தொங்கும் திசைகாட்டியைச் சுரங்க வேலைக்குக் கொண்டுவந்தவர் என்று அவரைத்தான் சொல்வார்கள். கருவியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம்.

சுரங்கத்தில் ஒரு திருப்பத்திலிருந்து அடுத்த திருப்பம் வரை ஒரு கயிற்றை இறுக்கிக் கட்டுவார்கள். கொத்தனார் சுவர் எழுப்பும்போது நூல் கட்டுவாரே, அதே மாதிரி. இரண்டு முனையிலும் மர முட்டில் ஒரு பித்தளைத் திருகாணி; அதில் கயிறு. இந்தக் கயிற்றில் இரண்டு கொக்கிகளால் ஒரு பித்தளைச் சட்டத்தை மாட்டுவார்கள். சட்டத்துக்குள் இரண்டு அச்சுகளில் ஊசலாடுகிறபடி திசைகாட்டிப் பெட்டி இருக்கும். கயிறு மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் பெட்டி தன் எடையிலேயே மட்டமாக நின்றுவிடும். சுரங்கத்தில் முக்காலி வைக்கத் தரை கிடையாது. சேறு, தண்ணீர், சரிவு, படுத்துக்கொண்டு போகிற பொந்து. அங்கே தரையையே நம்பாமல் கயிற்றை மட்டும் நம்பும் கருவி இது. ஓர் ஆள் நுழையக்கூடிய இடம் என்றால் அதை அளந்துவிடலாம்.

திசை கிடைத்தது. சரிவு? அதற்கு மெல்லிய பித்தளைத் தகட்டில் செய்த ஓர் அரைவட்டம், அதன் நடுவிலிருந்து தொங்கும் சின்னத் தூக்குக்குண்டு. அதையும் அதே கயிற்றில் மாட்டினால், நூல் விழும் இடத்தில் சரிவுக் கோணம். தகடு மெல்லிசாக இருப்பதற்குக் காரணம் உண்டு: எடை கூடினால் கயிறு தொய்யும். எப்படியும் கொஞ்சம் தொய்யத்தான் செய்யும் என்பதால், இரண்டு முனைகளுக்கும் அருகில் தனித்தனியாக மாட்டிப் படித்துச் சராசரி எடுப்பார்கள். பிறகு கணக்கு. கயிறு 10 மீட்டர், சரிவு 30 டிகிரி என்றால், கிடைமட்டமாக 8.66 மீட்டர் போயிருக்கிறோம், 5 மீட்டர் ஏறியிருக்கிறோம். இதற்கான அட்டவணைகள் அச்சிலேயே கிடைத்தன.

மேலே அலுவலகத்துக்கு வந்ததும் அதே திசைகாட்டிப் பெட்டியைச் சட்டத்திலிருந்து கழற்றி, நேர்விளிம்புள்ள ஒரு பித்தளைப் பலகையில் பொருத்துவார்கள். வரைதாளை மேசையில் அசையாமல் ஒட்டிவிட்டு, கீழே படித்த அதே எண் ஊசியில் வரும்வரை பலகையைத் திருப்பி, விளிம்பை ஒட்டிக் கோடு இழுப்பார்கள். கோணமானி தேவையில்லை. பெட்டியில் கோடுகள் சற்றுத் தவறாகப் பொறிக்கப்பட்டிருந்தாலும், கீழே சேர்ந்த பிழை மேலே அதே அளவு கழிந்துவிடும். அந்த மேசையில் ஓர் இரும்பு ஆணிகூட இருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

பழைய சுரங்கத் திசைகாட்டியின் படத்தைப் பார்க்கிறவர்கள் அடிக்கடி கேட்பது: கிழக்கும் மேற்கும் ஏன் இடம் மாறி இருக்கின்றன? அச்சுப் பிழை இல்லை. கருவியைக் கையில் பிடித்து வடக்கு நோக்கி நில்லுங்கள், ஊசி பூஜ்யத்தில். இப்போது வலப்பக்கம், கிழக்காகத் திரும்புங்கள். ஊசி நகரவில்லை, நீங்களும் வட்டும்தான் திரும்பினீர்கள். அதனால் வட்டின்மேல் ஊசி இடப்பக்கம் போனது போலத் தெரியும். நீங்கள் நோக்குவது கிழக்கு. ஊசி நிற்பதோ வட்டின் இடப்பக்கத்தில். அங்கேயே "கிழக்கு" என்று பொறித்துவிட்டால் மனக்கணக்கே வேண்டாம், ஊசி நிற்கும் இடத்தைப் படித்தால் போதும். மங்கிய விளக்கில், குனிந்தபடி, ஒரு நாளைக்கு எத்தனையோ கயிறுகளைப் படிக்கிறவனுக்கு இது சின்ன உதவி இல்லை.

சரி, இரும்புக்கு வருவோம். உங்கள் கேள்வியின் பாதி அதுதான், தொழிலின் பெரிய தலைவலியும் அதுதான். கடப்பாரை, மண்வெட்டி, வண்டிச் சக்கரம், பிற்காலத்தில் தண்டவாளம், குழாய் என்று எல்லாம் இரும்பு. அளவை எடுக்கிறவன் செம்பு அல்லது பித்தளை விளக்கோடுதான் இறங்குவான். கருவிகளை அப்புறப்படுத்தச் சொல்வான். அப்படியும் பாறையிலேயே காந்தத் தாது இருந்தால் என்ன செய்வது?

இங்கேதான் அழகான ஒரு தந்திரம். 'அ' என்ற இடத்திலிருந்து 'ஆ'வை நோக்கிப் படிக்கிறோம்: 40 டிகிரி. 'ஆ'வுக்குப் போய்த் திரும்பி 'அ'வைப் பார்த்தால் நேர் எதிர்த்திசை, 220 வர வேண்டும். வந்தது 226. 'அ'வில் ஊசி சுத்தமாக இருந்தது என்று முந்தைய அளவுகளிலிருந்து தெரிந்தால், 'ஆ'வில் ஏதோ ஒன்று ஊசியை 6 டிகிரி இழுக்கிறது. ஆனால் அந்த இழுப்பு 'ஆ'வில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே 6 டிகிரிதான், ஏனென்றால் ஊசி இருக்கும் இடம் மாறவில்லை. ஆகவே 'ஆ'விலிருந்து அடுத்த புள்ளிக்கு 291 என்று வந்தால், 6ஐக் கழித்து 285 என்று எழுதலாம். ஊசி பொய் சொல்கிறது என்று தெரிந்தபின்பும், இரண்டு பொய்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் உண்மையாகவே இருக்கிறது. கோணக் கணக்கு இப்படி ஊசியைக் காப்பாற்றியது. ஒன்றை மட்டும் விடாமல் செய்ய வேண்டும்: முன்னே பார்த்ததைப் பின்னேயும் பார்ப்பது. சோம்பலில் பின்பார்வையை விட்டவனுக்குப் பிழை இருப்பதே தெரியாது.

இங்கிலாந்தில், குறிப்பாகக் கார்ன்வால் தகரச் சுரங்கங்களில், முக்காலியில் நிற்கும் 'டயல்' என்ற திசைகாட்டி வகை பரவலாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த ஹெட்லி டயல் சரிவான பாதைகளிலும் பார்க்கும்படி குறிக்கம்பிகளைச் சாய்க்க விட்டது. இரும்பு அதிகமான இடத்தில் ஊசியை அறவே விட்டுவிட்டு, வட்டின் கோணங்களை மட்டும் வைத்து ஒவ்வொரு திருப்பமாக அளந்துகொண்டு போகும் முறையும் அங்கே வழக்கத்துக்கு வந்தது.

இரும்பைவிட ஆபத்தான பிழை ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது, எந்தப் பின்பார்வையிலும் மாட்டாது. காந்த வடக்கு என்பது உண்மையான வடக்கு இல்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தைக் காந்த ஒதுக்கம் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த ஒதுக்கம் ஊருக்கு ஊர் மாறும் என்பது பழைய செய்தி. ஒரே ஊரிலேயே காலப்போக்கில் மாறும் என்பதுதான் அதிர்ச்சி. லண்டனில் 1580ல் வில்லியம் பரோ அளந்தபோது ஊசி கிழக்கே 11 டிகிரிக்குச் சற்று மேல் விலகியிருந்தது. 1622ல் எட்மண்ட் குண்டர் அளந்தார்: 6 டிகிரி அளவுக்குக் குறைந்திருந்தது. 1634ல் ஹென்றி ஜெலிப்ராண்ட் அளந்தபோது 4 டிகிரி. வடக்கு நகர்கிறது என்பதை அவர்தான் உறுதியாகச் சொன்னார். அதன்பின் ஊசி நேர் வடக்கைத் தாண்டி மேற்கே போய், 1820ஐ ஒட்டி 24 டிகிரியையும் கடந்துவிட்டது. ஏறக்குறைய 240 ஆண்டுகளில் 35 டிகிரி நகர்வு!

சுரங்கக்காரனுக்கு இதன் பொருள் என்ன? ஒரு டிகிரி பிழை என்றால் ஒரு கிலோமீட்டரில் 17 மீட்டருக்கு மேல் விலகல். தாத்தா காலத்து வரைபடத்தில் "ஊசியின்படி வடக்கு" என்று ஓர் அம்புக்குறி மட்டும் போட்டு, ஆண்டு எழுதாமல் விட்டிருந்தால், அதில் இன்றைய அளவைத் தொடர்ந்து வரைகிறவன் பழைய குடைவை எங்கோ தள்ளி வைத்து வரைவான். உண்மையில் அது அவன் முகத்துக்கு நேரே இருக்கும். நியூகாசில் நிலக்கரிப் பகுதியைச் சேர்ந்த தாமஸ் ஃபென்விக் 1804ல் நிலத்தடி அளவைக்கு ஒரு நூல் எழுதியபோது, ஊசியின் இந்த நகர்வை நூலின் தலைப்பிலேயே சேர்த்தார். அது எவ்வளவு நியாயம் என்பதை அதே வட்டாரம் பதினோரு ஆண்டுகளில் வேறு விதமாகப் பார்த்தது. 1815 மே 3 அன்று ஹீட்டன் சுரங்கத்தில், கைவிடப்பட்ட பழைய குடைவுகளில் தேங்கியிருந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. 75 பேர், சிறுவர்களும் சேர்த்து, உள்ளேயே இறந்தார்கள். அந்த விபத்தை ஊசியின் தலையில் போட முடியாது. ஆனால் அருகில் இருக்கும் பழைய குடைவு சரியாக எங்கே முடிகிறது என்று தெரியாமல் வெட்டுவதன் விலை அது. மூடும் சுரங்கத்தின் வரைபடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பிரிட்டனில் சட்டம் வந்தது 1872ல். இத்தனை தாமதம் ஏன் என்று நினைக்கும்போது இன்றைக்கும் மனம் ஆறவில்லை. அளவையும் கணக்கும் எப்போதோ தயாராக இருந்தன; தாளைப் பத்திரப்படுத்தும் பொறுப்புதான் யாருக்கும் இல்லாமல் போனது.

ஊசி நாளுக்குள்ளேயும் ஆடும். 1722ல் லண்டனில் கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் கிரஹாம் இதைக் கண்டார். வழக்கமான நாளில் ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு போல. காந்தப் புயல் வந்தால் அதைவிட அதிகம். 1741ல் கிரஹாம் லண்டனிலும் வானியலாளர் செல்சியஸ் ஸ்வீடனின் உப்சலாவிலும் ஒரே நாளில் ஊசி கலங்கியதைப் பார்த்தார்கள். உப்சலாவில் அன்று வானில் துருவ ஒளி. நிலத்துக்கு அடியில் போனால் இந்த ஆட்டம் நின்றுவிடுமா? ஃப்ரைபெர்கில் படித்தவரான இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஹம்போல்ட் 1820களின் முடிவில் பல ஊர்களில் ஒரே நேரத்தில் ஊசியைக் கவனிக்க ஏற்பாடு செய்தபோது, ஃப்ரைபெர்கில் ஃபெர்டினாண்ட் ரைஷ் தன் ஊசியைச் சுரங்கத்துக்குள்ளேயே வைத்தார். மேலே இருந்த ஊசிகள் ஆடியபோது அதுவும் ஆடியது. ஆகவே நுட்பமான வேலை நடக்கும் நாட்களில், மேலே ஒரு கருவி ஊசியின் போக்கைக் குறித்துக்கொண்டே இருக்கும்; கீழே எடுத்த ஒவ்வோர் அளவையும் அந்தந்த நேரத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள்.

ஊசியைக் கெடுக்கும் அதே இரும்பைத் தேட ஊசியையே பயன்படுத்தினவர்களும் உண்டு. ஸ்வீடனில் மேலும் கீழும் சாயக்கூடிய ஊசியைக் கையில் பிடித்துக் காட்டில் நடந்து காந்தத் தாதுவைத் தேடினார்கள். அமெரிக்காவில் 1844 செப்டம்பரில், மிச்சிகனின் வடபகுதியில் வில்லியம் பர்ட்டின் குழு நிலம் அளந்துகொண்டிருந்தபோது ஊசி தாறுமாறாகச் சுழன்றது. அவர் கையில் சூரியனை வைத்துத் திசை சொல்லும் தன் சொந்தக் கருவி இருந்ததால் வேலை நிற்கவில்லை. ஊசி ஏன் கெட்டது என்று சுற்றிலும் தேடச் சொன்னார். ஆட்கள் இரும்புத் தாதுவோடு வந்தார்கள். மார்க்கெட் (Marquette) என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் இரும்புச் சுரங்கப் பகுதி அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

ஊசி எப்போது ஓய்வு பெற்றது? 19ஆம் நூற்றாண்டில், தொலைநோக்கியால் பார்த்துக் கோணம் அளக்கும் தியோடலைட் கீழே இறங்கியபோது. ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரியின் ஜூலியஸ் வைஸ்பாக் இதில் முன்னோடி. 1844ல் தொடங்கி 1877ல் முடிந்த ரோத்ஷோன்பெர்க் வடிகால் பாதைக்கு அவர் தியோடலைட்டால் அளவை எடுத்தார். தொங்கும் திசைகாட்டியில் கால் டிகிரி பிழை சாதாரணம். அது கிலோமீட்டருக்கு 4 மீட்டருக்கு மேல். தியோடலைட்டின் நுட்பத்துக்குப் பக்கத்தில் அது நிற்க முடியாது.

ஆனால் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. தியோடலைட்டில் ஒவ்வொரு கோணமும் முந்தைய கோட்டிலிருந்து அளக்கப்படுகிறது. மூன்றாவது திருப்பத்தில் ஒரு பிழை விழுந்தால் அதற்குப் பின்னால் வரும் முழுப் பாதையும் சாய்ந்துவிடும். ஊசியோ ஒவ்வொரு கயிற்றிலும் வடக்கைப் புதிதாகக் கேட்கிறது. ஒரு கயிற்றில் நேர்ந்த பிழை அந்தக் கயிற்றோடு போயிற்று. ஒன்று இடமாகவும் இன்னொன்று வலமாகவும் விழுந்து பெரும்பகுதி தங்களுக்குள்ளேயே கழிந்துவிடும். குறுகிய திருப்பங்கள் நிறைந்த பழைய சுரங்கங்களில், ஒற்றை அளவில் இவ்வளவு முரடான கருவி, மொத்தத்தில் அத்தனை நன்றாக வேலை செய்ததன் ரகசியம் இதுதான். தியோடலைட் வந்த பிறகும் ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில் 1851 முதல் 1864 வரை குடையப்பட்ட எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் வடிகால் பாதையில் காந்தத்தை விடவில்லை. இரு பக்கக் குடைவுகளும் நெருங்கும் கட்டத்தில், போர்ஷர்ஸ் என்ற அளவையாளர் ஒரு பக்கத்தில் வலுவான காந்தத்தை வைத்து, பாறைக்கு மறுபக்கம் ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்து, எதிர்க்குழு இருக்கும் திசையைச் சரிபார்த்தார்.

இன்று ஆழமான சுரங்கங்களில் வடக்கைப் புதிதாகக் கேட்கும் வேலையைக் கைரோ என்ற சுழல்சக்கரக் கருவி செய்கிறது. அது பூமியின் சுழற்சியையே பிடித்து உண்மை வடக்கைக் காட்டுவதால் இரும்பும் ஒதுக்கமும் அதைத் தொடுவதில்லை. தியோடலைட் வரிசையின் நடுவே ஆங்காங்கே கைரோ வைத்துத் திருத்துவதன் நோக்கம், ஊசி ஒவ்வொரு கயிற்றிலும் தந்த அதே தனித்த சாட்சியம்தான்.

ஊசி முழுக்கப் போய்விடவும் இல்லை. சுரங்கப் பொறியாளர் டேவிட் பிரன்டன் 1894ல் காப்புரிமை பெற்ற கைத்திசைகாட்டியைத்தான் நம் ஊர் நிலவியல் மாணவர்களும் பாறைச் சரிவு அளக்க எடுத்துப் போகிறார்கள். கிழக்கும் மேற்கும் அதிலும் இடம் மாறித்தான் இருக்கும். ஊசியில் சின்னக் கம்பிச் சுருள் ஒன்று சுற்றியிருக்கும்; அது காந்தச் சரிவுக்கான எதிர் எடை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஊசியின் வடமுனை நன்றாகக் கீழே இழுக்கப்படும்; அதைத் தாங்க அங்கே சுருளைத் தென்பக்கம் தள்ளி வைப்பார்கள். காந்த நிலநடுக்கோடு திருநெல்வேலிக்கு அருகில் போவதால் தென் தமிழகத்தில் ஊசி ஏறக்குறைய மட்டமாகவே நிற்கிறது. ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ வாங்கி வந்த கருவியை இங்கே அப்படியே பயன்படுத்தினால் ஊசியின் தென்முனை கீழே உரசும். கண்ணாடியைத் திறந்து அந்தச் சுருளை நடுப்பக்கம் கொஞ்சம் நகர்த்திவிட்டு, ஊசி தடையில்லாமல் ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு அளவு எடுங்கள்.